பாதை திறந்த வருசம்

பஸ் சாரதி வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வவுனியாப் பாதை திறந்துவிட்டது.

ஓய்வுக்கு முன் டிப்போ முகாமையாளர் கூப்பிட்டுக் கேட்டவர். "அண்ணை, ஆளில்லை. இன்னும் ஒரு வருசம் நிண்டு ஓடுங்கோவன்."

நான் மாட்டேன் என்றேன். இளமையில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஓடியவன் நான். சண்டையில் அந்தப் பாதை மூடுண்ட பிறகு, பூநகரிப் பக்கத்துக் குண்டும் குழியுமான றோட்டிலேயே மிச்சக் காலம் போனது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. சமாதானம் வரப்போகுது என்று கதை அடிபட்டது. அப்படி எத்தனை கதை கேட்டாயிற்று என்று நான் நம்பவில்லை. வடையும் தேத்தண்ணியும் தந்து அனுப்பிவைத்தார்கள்.

பாதை திறந்ததைக் கேள்விப்பட்டதும் வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளை உழக்கிக்கொண்டு டிப்போவுக்குப் போனேன்.

"நான் திரும்ப வாறன். வவுனியா ஓட்டத்தைத் தாங்கோ."

முகாமையாளர் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ அண்ணை. நீங்கள் விலகினதெண்டு எழுதி மேல அனுப்பியாச்சு. இனி என்ர கையில இல்லை. அண்டைக்கே கேட்டனான் எல்லோ?"

கேட்டவர்தான்.

அடுத்த கிழமை நானும் மனைவியும் அந்த பஸ்ஸில் பயணிகளாக ஏறினோம். மகள் கலியாணம் கட்டி வவுனியா நெளுக்குளத்தில் இருந்தாள். பேரப்பிள்ளைகளைப் படத்தில் மட்டுமே கண்டிருந்தோம். ஓட்டியவன் என்னோடு பூநகரிக்கு மாறிமாறி ஓடியவன், வயதில் இளையவன். அவனுக்குப் பின் இருக்கையில் இருந்தேன். அவன் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் என் கால் தானாக அழுத்தியது.

"இஞ்சேருங்கோ, என்ர காலை மிதிக்கிறியள்," என்றாள் மனைவி.

முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் சாரதிமார் அந்த இடத்தைத் தாண்டமாட்டார்கள். அவன் தேங்காயோடு நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணை, நீங்கள் உடையுங்கோ."

கை நீண்டுவிட்டது. பிறகுதான் எல்லாரும் பார்ப்பது தெரிந்தது. "ஓடுறவன்தான் உடைக்கவேணும். நீ உடை," என்று சொல்லிவிட்டு, கச்சான் கடலை விற்கிற பெண்ணின் பக்கம் ஒதுங்கினேன். முதுகுக்குப் பின்னால் தேங்காய் சிதறிய சத்தம் கேட்டது. மனைவி பின்னால் வந்து ஒரு சுருள் வாங்கினாள். அதைப் பிரித்து என் கையில் கொஞ்சம் கொட்டினாள்.

நெளுக்குளத்தில் மகள் கட்டிப்பிடித்து அழுதாள். "வேலையை விட்டது நல்லதாப் போச்சப்பா. இனி நினைச்ச நேரம் வரலாம்."

ஓம் என்றேன். மடியில் பேரன் இருந்தான்.

பிறகு பலமுறை போய்வந்தோம். நான் கடைசி இருக்கையையே தேடினேன். முன்னுக்கு இருந்தால் றோட்டைப் பார்க்கவேண்டி வரும். நாலு வருசத்தில் சண்டை திரும்ப மூண்டு, பாதையும் மூடுண்டது. மகளிடம் போக வழியில்லாமல் இருந்த நாள்களில் ஒருநாள் அந்தச் சாரதி வீட்டுக்கு வந்தான்.

"அண்ணை, இந்த நாலு வருசமும் ராசா மாதிரி ஓடினனான்," என்றான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான்.

மனைவி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனாள். புதுத் தார் றோட்டில் பஸ் எப்படி இழுத்தது, மழைக்கு மாங்குளம் பக்கம் எப்படியிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவன் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குத்தான் கேட்டு முடியவில்லை.