ரேஷன் கோதுமையும் அக்காவின் பத்தியமும்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் புற்றுநோய்க்கு மருந்து தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. டாக்டர்களுக்குத்தான் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

அக்காவுக்குக் கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. அஸ்தம்பட்டி டாக்டர் சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, "உடனே மெட்ராஸ் கூட்டிட்டுப் போங்க, நாள் கடத்தாதீங்க" என்றார். அப்பா நேராக பஸ் ஏறியிருக்கலாம். தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கப் போனார். எங்கள் குடும்பத்தில் கிணறு வெட்டுவதென்றாலும் பெரியப்பாவைக் கேட்டாக வேண்டும்.

"கத்தி பட்டாப் பரவீரும்டா. கோதுமைப் புல்லுச் சாறு குடு, தன்னால கரைஞ்சு போயிரும்" என்றார் பெரியப்பா. ஏதோ பத்திரிகையில் படித்தாராம். அவர் வாழ்நாளில் படித்த ஒரே பக்கம் அதுவாகத்தான் இருக்கும். நெல்லும் கரும்பும் விளைகிற பூமியில் கோதுமைக்கு எங்கே போவது? ரேஷன் கடைக்குத்தான். வண்டு விழுந்த கோதுமையைப் புடைத்து, மண்தட்டுகளில் முளைப்பாரி மாதிரி விதைத்தோம். தினமும் புல்லை நறுக்கி, அரைத்து, வடிகட்டிக் கொடுப்பது என் வேலை.

பார்க்க வந்த சொந்தபந்தம் வெறுங்கையோடு வருமா? ஆளுக்கொரு தழை கொண்டுவந்தார்கள். வேண்டாமென்றால் மரியாதைக் குறைவு. அத்தனையையும் அக்கா குடித்தாள். கூடவே பத்தியம் வேறு: உப்பு, புளி, காரம் எதுவும் ஆகாது.

"மாட்டுக்குக்கூடப் புண்ணாக்கு வெக்கறீங்க. எனக்குப் புல்லு மட்டுந்தானா?" என்பாள்.

அவள் இளைத்தாள், கட்டி இளைக்கவில்லை. ஒருநாள் சோற்றைப் பார்த்து அழுதுவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் புளிக்குழம்புச் சோறு ஒரு வாய் ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

நாலு மாதம் கழித்துத்தான் மெட்ராஸ் போனோம். அங்கிருந்த டாக்டர் ஊசி மருந்தைக் காட்டி, "செடியில மருந்து இல்லேன்னு யாரு சொன்னா? இதுவே நித்தியகல்யாணியிலேருந்து பிரிச்செடுத்ததுதான். முதல்லயே வந்திருந்தா நல்லாக் கேட்டிருக்கும்" என்றார். எங்கள் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஆடுகூட வாய்வைக்காத செடி அது.

ஊர் திரும்பி இதைச் சொன்னதும் பெரியப்பாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "பாத்தியா, நாஞ் சொன்னனில்ல, எல்லாஞ் செடியிலதான் இருக்குது!" என்று அதையும் வேரோடு பிடுங்கிக் கஷாயம் காய்ச்சினார். அடப் பாவி மனுசா! சட்டியோடு குப்பைமேட்டில் கொட்டினேன்.

ஊசி மருந்துக்கு அக்காவின் உடம்பில் தெம்பு மிச்சமில்லை. ஆறு வாரத்தில் போய்விட்டாள்.

கருமாதியன்று கூடியிருந்த சனத்துக்கு நடுவில் பெரியப்பா பெருமூச்சு விட்டார். "மருந்துல கொறையில்லீங்க. பத்தியத்துலதான் எங்கியோ தப்பு நடந்திருக்குது."

"ஆமாங்க பெரியப்பா. நாந்தான் புளிச்சோறு குடுத்தேன்" என்றேன்.

எல்லோருக்கும் அப்படியொரு நிம்மதி. இன்றுவரை எங்கள் சொந்தத்தில் அக்காவைக் கொன்றது நான்தான். சொல்லிக்கொள்ளட்டும். அந்த ஒரு வாய்ச் சோற்றுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. மெட்ராஸ் பஸ் தினமும் போய்க்கொண்டிருந்தபோது, நாலு மாதம் உட்கார்ந்து அந்தப் புல்லை அரைத்துக் கொடுத்தேனே, அதற்குத்தான்.