கஷாயம் ஆறுவதற்குள்

காலையில் நிவேதா பாத்ரூமை விட்டு வெளியே வரவே இல்லை. முந்தைய ராத்திரி அம்மா அன்போடு ஊட்டிய பலாச்சுளைகள் வேலையைக் காட்டிவிட்டன.

நான் டென்னிஸ் ஆடிய மட்டத்தில் ஹோட்டல் செலவு கட்டுப்படியாகாது. எந்த ஊரில் டோர்னமென்ட்டோ, அந்த ஊர்ப் பெண்ணின் வீட்டில் மற்றவர்கள் தங்குவோம். அந்த வாரம் திருச்சியில் ஆட்டம். சென்னைப் பெண் நிவேதா ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். அவள் நேரடியாக மெயின் டிரா என்கிற முக்கியச் சுற்றில் இருந்தாள். நான் அதற்குள் நுழைவதற்கான குவாலிஃபையிங் ஆட்டங்களின் கடைசி ரவுண்டில் தோற்றிருந்தேன்.

அப்படித் தோற்றவர்கள் 'லக்கி லூசர்' என்று கையெழுத்துப் போட்டுக் காத்திருக்கலாம். மெயின் டிராவில் யாராவது ஆடாமல் விலகினால் அந்த இடம் கிடைக்கும். வரிசையில் முதல் ஆள் நான். தரவரிசைப் பாயின்ட்டுக்கு ஒரு வருஷம்தான் ஆயுள். என்னிடம் இருந்த கடைசிப் பாயின்ட் அந்த வாரத்தோடு போகிறது. மெயின் டிராவில் ஒரு மேட்ச் ஜெயிக்காவிட்டால் உலகத் தரவரிசையில் என் பெயரே இருக்காது.

நிவேதா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் வித்ட்ரா பண்ணிடட்டுமா? நீங்க உள்ள போயிடுவீங்கல்ல?"

"உன் உடம்பு. நீதான் சொல்லணும்" என்றேன்.

அம்மா அடுப்படியில் வயிற்றுக்கு ஓமக் கஷாயம் கொதிக்கவைத்துக்கொண்டே புலம்பினார். "ஊரான் வீட்டுப் பொண்ணு. அவங்க அம்மா போன் பண்ணா நான் என்னத்தச் சொல்லுவேன்?" டம்ளரோடு வெளியே வந்தவர் என்னைக் கேட்டார். "அது என்ன, நீ உள்ள போறது?"

லக்கி லூசர் விதியைச் சொன்னேன். அம்மா அப்படியே நின்றுவிட்டார். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இதைக் குடுக்கவா, வேண்டாமா?"

நிவேதாவுக்குச் சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உள்ளே மண்ணச்சநல்லூர் அரிசிக் கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது.

"குடும்மா. ஆறிடப் போவுது."

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்போது நிவேதாவின் பை என் மடியில் இருந்தது. என் பையும் கூடவே வந்தது. முதல் ரவுண்டில் மிச்சமிருந்தது அவள் மேட்ச் மட்டும்தான். கோர்ட்டில் முதல் பந்து விழும்வரை அவள் விலகலாம். ரெஃப்ரி என்னைத் தேடிப் பார்த்தார். நான் ஷூ கட்டித் தயாராகத்தான் நின்றேன்.

நிவேதா பந்தை மேலே போட்டாள். சர்வ் உள்ளே விழுந்தது. என் வாய்ப்பு முடிந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கஞ்சி குடித்த வயிற்றோடு இவள் எப்படி ஆடப்போகிறாள் என்று பார்க்கும் ஆவல்தான் இருந்தது. ஓட முடியாததால் எல்லாப் பந்தையும் ரெண்டு ஷாட்டில் முடித்தாள். ஜெயித்தும்விட்டாள்.

"அம்மா, இன்னைக்குப் பலாப்பழம் இல்லையா?" என்று சாயங்காலம் வாசலிலேயே கேட்டாள்.

"உதை வாங்குவ" என்றார் அம்மா.

மறுவாரத் தரவரிசையில் நான் இல்லை. திரும்பவும் அதில் ஏற எனக்கு அடுத்த மழைக்காலம் வரை ஆனது.

லக்கி லூசருக்குக் கையெழுத்துப் போடும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த விதியை வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கையில் டம்ளரோடு அம்மாவை அப்படி நிற்க வைக்காதீர்கள்.