கதவைத் தட்டியவன் நான்

கேரள எல்லையிலுள்ள பாறசாலையில் ஒரு வாடகை அறைக்குள், வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த ருக்சானாவும் காய்ச்சலில் கிடந்த மகளும் இருந்தார்கள். அவள் கணவன் கட்டட வேலைக்குக் காட்டாக்கடை ஊருக்குப் போயிருந்தான். வெளியே, எங்கள் சர்ச் சபை இளைஞர் குழு கொடுத்தனுப்பிய மருந்தோடு நானும் நண்பன் ஜெபினும் நின்றோம்.

வங்காளிகளிடம் போலீஸ் ஆவணம் கேட்டுப் பிடித்துப்போவதாகப் பேச்சு பரவியிருந்த நாட்கள்.

"மொதல்ல மருந்தக் குடு, தாசில்தாரே" என்று ஜெபின் சிரித்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். வாங்குபவரின் பெயர், ஆதார் எண் எழுதும் படிவத்தை நிரப்பாமல் எதையும் கொடுக்க மனம் வராது. கதவைத் தட்டி, பள்ளியில் படித்த இந்தியில் அதட்டலாக, "ஆதார் கார்டு எங்கே?" என்றேன். கதவு திறக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன்.

பின்பக்கம் வாளி உருண்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். சுவரில்லாத கிணற்றின் விளிம்பை நோக்கி, குழந்தையை இடுக்கியபடி ருக்சானா பின்வாங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஓரடிதான். ஜெபின் என்னை நகரவிடாமல் பிடித்தான்.

"எலே, அனங்காத! பேப்பரக் கீழ போடு மக்கா. ஒன்ன போலீசுன்னு நெனச்சாக்கும் ஓடியிருக்கா."

படிவங்களைப் போட்டேன். மருந்தை மண்ணில் வைத்துவிட்டு, வெறும் கைகளைக் காட்டியபடி பின்னோக்கி நடந்தேன். அவள் மெல்ல விளிம்பிலிருந்து விலகினாள்.

மறுநாள் அறை காலி, மருந்தும் இல்லை. அதை எடுத்துப் போயிருக்கிறாள் என்பதே என் ஆறுதல். இன்றும் எந்தக் கதவையும் என்னால் பலமாகத் தட்ட முடிவதில்லை. வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும், என் ஒரு கேள்வியால் அவர்கள் திரும்ப வாங்காமல் விட்டுப்போன அறை முன்பணம், ஐயாயிரம் ரூபாய்.