பெரட்டில் சிவந்த ஒரு டெஸ்ட்

புரோகிராம் எழுதுகிற எங்கள் பிழைப்பில், எழுதினது சரிதானா என்று பார்க்க இன்னொரு குட்டி புரோகிராம் எழுத வேண்டும். அதற்குப் பெயர் டெஸ்ட். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. இதில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது! சிரம்பானில் ஒரு சின்ன ஆபீசில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, எஸ்டேட் ஆட்களின் வருகையைப் பதிகிற புரோகிராம். பாஸ் ஞானம் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: கோலா சாவா பக்கத்து எஸ்டேட் இதை ஒத்துக்கொண்டால்தான் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போகலாம்.

புள்ளிக்குப் பிறகு என்ன?

டெஸ்ட் எழுத ஒரு லைப்ரரி கொடுத்தார்கள்; புத்தகசாலை இல்லை, யாரோ முன்பே எழுதி வைத்த புரோகிராம் மூட்டை. அதில் எழுதினால் வாக்கியம் மாதிரியே வாசிக்கலாமாம். 'முனியன் வருகை. இருக்க வேண்டும். ஆஜராக.' இப்படி, சொல்லுக்குச் சொல் ஒரு புள்ளி. வாசித்தால் நன்றாகத்தான் புரிகிறது. எழுத உட்கார்ந்தால் எதற்கு அப்புறம் எது வரும் என்று மண்டை காய்கிறது. புள்ளி வைத்தால் அடுத்து வரக்கூடிய சொற்களை ஸ்கிரீனே பட்டியல் போட்டுக் காட்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பக்கத்து சீட் தவாவைக் கேட்டேன். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"புள்ளிய வச்சிட்டு சும்மா இரு லா, என்ன வேணும்னு அதுவே கேக்கும்."

எல்லாம் பச்சை

ஒரு வாரத்தில் ஸ்கிரீன் முழுக்கப் பச்சை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தவா வந்தான். வேண்டுமென்றே புரோகிராமைக் கெடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டினான். அப்பவும் பச்சை! ஒவ்வொரு டெஸ்டாகத் திறந்தேன். பார்த்தால், பாதி டெஸ்டில் 'இருக்க வேண்டும்' என்று எழுதிய நான், எப்படி இருக்க வேண்டும் என்று எழுதவே இல்லை. லைப்ரரியும் 'சரி, இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டிருக்கிறது. ஒரு கண்டிப்பு வேண்டாமா? தவா விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீ ஒண்ணுமே கேக்கல, அதான் அது எல்லாத்துக்கும் தலையாட்டுது."

காரணம் எழுதுகிற இடம்

ஒவ்வொரு டெஸ்டிலும் காரணம் எழுத ஓர் இடம் உண்டு. டெஸ்ட் சிவந்தால் மட்டும்தான் அது ஸ்கிரீனில் வரும். சிவந்தால்தானே! அந்தத் தைரியத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதி வைத்தேன். எஸ்டேட்டில் ஒரு வழக்கம்: விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஒருவன் வந்துவிட்டால், அப்புறம் மழையால் வேலை நின்றாலும் அவன் ஆஜர்தான். ஆட்களை வேலை வாங்குகிற ஆறுமுகம் மண்டோர் இதைப் போனில் என் காது கிழியச் சொல்லியிருந்தார். அந்தக் கடுப்பில் நான் எழுதிய காரணம்: 'ஏனென்றால், ஆப்சென்ட் போட்டால் ஆறுமுகம் மண்டோர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.'

எஸ்டேட் ஆபீசில் காட்டப் போன அன்று நல்ல மழை. மேனேஜரும் மண்டோரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். "டெஸ்ட ஓட்டும்மா" என்றார் ஞானம் சார், பெருமையாக. பச்சை, பச்சை, பச்சை. அப்புறம் ஒரு சிவப்பு. பெரிய ஸ்கிரீனில், மழை நாளில் பெரட்டுக்கு வந்தவன் ஆஜராக இருக்க வேண்டும், ஏனென்றால்... ஐயோ! வேலை செய்யாதவன் ஆப்சென்ட்தானே என்று, முந்தின நாள் சார் என்னிடம் சொல்லாமலே புரோகிராமில் ஒரு வரியைத் திருத்தியிருக்கிறார். என் வேலை போச்சு என்றே நினைத்தேன்.

மண்டோர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. "குதிப்பேன்லா, பின்ன? மழையில நனைஞ்சிக்கிட்டு வந்தவனுக்கு ஆப்சென்ட்டா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இத மட்டும் அழிச்சிராத, தங்கச்சி." மேனேஜர் ஞானம் சாரைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து நீங்க காட்டினதுல இது ஒண்ணுதான் சார் எனக்குப் புரிஞ்சிச்சு, இந்தப் புரோகிராமையே வச்சிக்கலாம்."

வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனால் என்னைக் காப்பாற்றியது அத்தனை பச்சையா, அந்த ஒரு சிவப்பா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான்.