பூங்காவனம் ஆப்சென்ட்

கூச்சப்படும் பிள்ளைகளைப் பேச வைப்பது எப்படி என்று இளம் ஆசிரியைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அதில் நான் வாங்கியது ஒரு மெமோ. அந்தக் கதையைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில், தாம்பரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளி. ஆறாம் வகுப்பு. டிரெயினிங் முடித்த கையோடு வந்ததால் எனக்குத் தலைக்கனம் ஜாஸ்தி. இரும்புலியூரிலிருந்து வரும் பூங்காவனம், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எழுந்து நிற்பாள். வாய் அசையும், சத்தம் வராது. இவள் கூச்சத்தை ஒரே மாதத்தில் விரட்டுகிறேன் பார் என்று சட்டம் போட்டேன். "உள்ளேன் டீச்சர்" என்பது கடைசி பெஞ்சுக்குக் கேட்காவிட்டால் ஆப்சென்ட்.

"காது கேக்கல" என்பேன் தினமும். அவள் உட்கார்ந்துவிடுவாள். நானும் சிவப்பு மையில் ஆப்சென்ட் போடுவேன். அரையாண்டுப் பரீட்சையும் முடிந்தது. விட்டுக்கொடுக்க எனக்கு வீம்பு.

மார்ச்சில் ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரைக் கூட்டிப் பார்த்தார். "ஷார்ட்டேஜ்மா. இந்தப் பொண்ணுக்கு பாஸ் போட முடியாது."

மறுநாள் அவள் அம்மா வந்து நின்றார். "பெயிலாயிட்டா ஸ்கூலே வாணாம், வூட்ல கெடன்னு அவங்கப்பா சொல்லிட்டாரு டீச்சர்."

உண்மையைச் சொன்னால் என் பெயர் நாறும். "ஹெட்மாஸ்டரைப் பாருங்கம்மா" என்று அனுப்பிவிட்டேன். கூச்சத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தவளின் லட்சணம் இது.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன். இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரில் ஓடிய சிவப்பு வரிசையில் விரல் வைத்தார். "யாரும்மா பூங்காவனம்? வர்றதே இல்லையா?"

"உடம்பு சரியில்லாத பொண்ணு சார்" என்று கூசாமல் புளுகினேன்.

பெஞ்சு நகர்ந்தது.

"நான் டெய்லி வந்துகினுதான் கீறேன் சார்." காம்பவுண்டுக்கு வெளியே ஐஸ் விற்கிறவருக்கே கேட்டிருக்கும்.

"அதுக்கு என்ன சாட்சி?" என்றார் அவர்.

"தீவாளிக்கு முன்னாடி டீச்சர் க்ளாஸ்ல சேப்பு ஸ்வெட்டர் பின்னாங்க. டெல்லியில கீற அவங்க அண்ணனுக்கு. பொங்கலுக்கு அப்புறம் பச்சை. அதுல ஒரு கை இன்னும் முடியல. வெள்ளிக்கெழமைன்னா எங்கள கணக்கு போடச் சொல்லிட்டு மூணரை வண்டிக்குப் போயிடுவாங்க. நான் வராட்டி இதெல்லாம் எனக்கு எப்படி சார் தெரியும்?"

மேஜைக்கடியில் என் பையிலிருந்து அந்தப் பச்சை ஸ்வெட்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரிஜிஸ்டரைத் திருத்தினார்கள். பூங்காவனம் தப்பித்தாள், எனக்கு மெமோ வந்தது. ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. "பசு", "எங்கள் பள்ளி" என்று பேச்சுப் பயிற்சிக்கு நான் கொடுத்த தலைப்புகளில் பேச அவளிடம் ஒன்றுமில்லை. என்னைப் பற்றி நிறைய இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு ரிட்டயராகும் வரை, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் என் வகுப்பில் புகார் நேரம். யார் மேலும் சொல்லலாம், முன்னால் வந்து சொல்ல வேண்டும். பிள்ளைக்குச் சொல்ல விஷயம் இருந்தால் குரல் தானே வரும். முதல் அடி உங்கள் மேல் விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் கடைசி நாளில், வகுப்பின் முன் நின்று பூங்காவனத்திடம் மன்னிப்புக் கேட்டேன். என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை.

கடைசி பெஞ்சிலிருந்து அவள் சொன்னாள், "காது கேக்கல டீச்சர்."

சத்தமாக இன்னொரு தடவை கேட்டேன்.