பெரிய மலைக்குப் பின்னால் ஒரு மேடு

ரத்தத்தில் உள்ள புரதத்தைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழில். வெறும் வயிற்றோடு வந்து வாங்குப் பலகையில் குந்தியிருந்து எங்களைத் திட்டுவது உங்கள் தொழில். இரண்டும் கஷ்டந்தான். மட்டக்களப்பில் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் தலை நரைத்த எனக்கு, உங்கள் பக்கத்துக் கஷ்டமும் ஓரளவு தெரியும்.

வலை இல்லை

கணபதிப்பிள்ளை அண்ணன் பெரியகல்லாற்றில் இருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். வாவியில் மீன் பிடிக்கிறவர். நீண்ட காலமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர். ஊசி குத்தியதும் போய்விட மாட்டார். தன் ரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க மெசினுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். கூட வேலை செய்யும் ஸ்டெல்லா மிஸ் முறைத்தாலும் அசைய மாட்டார்.

ரத்த அணுவை உடைத்து, உள்ளே இருக்கும் சிவப்புப் புரதத்தை வெட்டாமல், முழுசாக, ஒரு விரல் நீளக் குழாய்க்குள் தள்ளுகிறோம் என்று அவருக்குச் சொன்னேன். குழாய் நிறைய மாவு போன்ற மணிகள். பெரியது சிறியது பார்த்துத்தான் பிரிக்குதா, வலைக்கண் மாதிரியா என்று கேட்டார். இல்லை, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், மணியோடு லேசாக ஒட்டுகிறது முதலில் வெளியே வரும், இறுக்கமாக ஒட்டுகிறதை உப்புத் தண்ணி விட்டுக் கழற்ற வேண்டும், எல்லாம் சில நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்றேன். அவர் மெசினுக்கு இன்னும் கிட்டக் குனிந்தார்.

“அப்ப இது வலை இல்ல தம்பி, கலியாண வீடு. ஆர் வந்த உடன போறான், ஆர் பந்திய விட்டு எழும்புறானில்ல எண்டு பாக்கிறீங்க.”

பாயாசம்

அந்த முறை, சிவப்புப் புரதத்தில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் அவருடைய மூன்று மாதச் சீனிக் கணக்கு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தது. தாளை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போனார். அவர் போன பிறகுதான் அன்றைய வெறும்வயிற்றுச் சீனி வந்தது. அது உச்சத்தில் நின்றது. ரத்தம் எடுத்த குழாய் வேறு ஆளுடையதோடு மாறியிருக்கும் என்றார் ஸ்டெல்லா மிஸ். திரும்ப ஓட்டினோம். அதே இரண்டு கணக்கும் வந்தன.

அப்போதுதான் மெசின் கோடாக வரைந்து தந்த படத்தை ஆற அமரப் பார்த்தேன். அந்தச் சிவப்புப் புரதம், சாதாரண ஹீமோகுளோபின், அதில் ஒரு பெரிய மலை மாதிரி நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கக்கூடாத ஒரு மேடு. சீனிக் கணக்குக்கான அவசர ஓட்டத்தில் மெசின் அதற்குப் பெயர் வைக்காமல் விட்டிருந்தது. மெதுவான ஓட்டத்தில் போட்டதும் மேடு தனியாக, தெளிவாக எழும்பியது. பிறவியிலேயே அவருக்கு இரண்டு வகை ஹீமோகுளோபின். இரண்டாவது வகை சீனிக் கணக்கைக் குழப்பிவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அடுத்தவர் உடம்பில் ஒரு மாறுபாட்டைக் கண்டு குதூகலிக்கும் நான் என்ன மாதிரி ஆள்? மறுநாள் அவரைக் கூப்பிட்டு, அந்த நல்ல கணக்கு உண்மையில்லை என்று சொன்னேன்.

“அப்ப நேத்துச் சந்தோசத்தில குடிச்ச பாயாசம்?”

வீடு

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவருடைய ஒரே மகள் வினோதினிக்கு அமிர்தகழியில் மாப்பிள்ளை பார்த்து, மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா முடியக் கலியாணம் என்று வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை வந்து ஏறவேண்டியதுதான் பாக்கி.

பிறவியில் வருவது என்பதால் மகளின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்த்தோம்; அப்பாவின் மேடு அவளிடமும் இருந்தது. அதனால் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் ரத்தத்தில் இன்னொரு வகைக் குறை இருந்தால், பிறக்கும் பிள்ளைக்குக் காலமெல்லாம் ரத்தம் ஏற்றவேண்டி வரலாம். எங்கள் டொக்டர் இதை மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்குவமாகத்தான் சொல்லி, அவரையும் ஒரு சோதனை செய்யச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய்க்கு அது வேறு மாதிரிக் கேட்டது: பெண்ணில் பிழையை வைத்துக்கொண்டு என் மகனைச் சோதிக்கிறார்களா? சாதகம் பொருந்தினது போதாதா? அந்த வீட்டிலிருந்து போன் வருவது நின்றுபோனது.

நான் அந்தப் படத்தை உற்றுப் பார்க்காமல் விட்டிருந்தால் ஒரு கலியாணம் நிம்மதியாக நடந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு பிறக்காத ஒரு பிள்ளையை நினைத்தேன். எந்தப் பக்கம் படுத்தாலும் குத்தியது. ஒருநாள் அப்பாவின் மருந்துச் சீட்டோடு வந்த வினோதினியிடம், என்ன மகள் செய்யப் போறீங்க என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“அவர் சோதிக்க ரத்தம் குடுக்காம நான் கழுத்த நீட்ட மாட்டன் அங்கிள். வீடு என்ட பேரில கிடக்கு. மாப்பிள வராட்டியும் நான் குடிபூருவன்.”

மாப்பிள்ளையின் படம்

அவர் வந்தார். தாய்க்குச் சொல்லாமல், வேலைக்குப் போகிற சட்டையோடு. பெயர் சுதன். வினோதினிதான் கூட்டிவந்தாள். வாங்கில் இரண்டு பேரும் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடைவெளி விட்டு இருந்தார்கள். கணபதிப்பிள்ளை அண்ணன் மெசின் பக்கமே வரவில்லை. வாசலில் நின்று றோட்டைப் பார்த்தார்.

மெதுவான ஓட்டத்தில்தான் போட்டேன். மலை எழும்பி இறங்கியது. அதற்குப் பின்னால் எல்லோருக்கும் இருக்கும் ஒரு சின்னப் புடைப்பு வரும். அது அளவுக்கு மேல் உயர்ந்தால் டொக்டர் பயந்த அந்தக் குறைதான். கோடு மேலே ஏறத் தொடங்கியபோது ஸ்டெல்லா மிஸ் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் ஏறியது. படிந்தது. அதற்குமேல் எழும்பவில்லை.

டொக்டர் மற்றக் கணக்குகளையும் பார்த்து, பயமில்லை என்றார். வாசலில் நின்றவர் திரும்பி உள்ளே வந்து, என் கையைப் பிடித்தார். சுதன் தன் படத்தையும் வினோதினியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அவக்கு ஒரு மேடு கூடுதலாக் கிடக்கு, எனக்கு இல்லயே அங்கிள். இத வெச்சே காலம் முழுக்க என்னய நக்கலடிக்கப் போறா.”

சில நிமிடத்தில் புரதங்களை வரிசையாக வெளியே விடும் இந்த மெசின், அதைப் பார்த்தவன் யாரிடம் எதைச் சொல்லவேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்பதை மட்டும் இன்றுவரை ஒரு தாளிலும் அடித்துத் தந்ததில்லை.