ஆறு பேர் விழுந்த நாடகம்

போன மாதம் பேத்தியின் பள்ளி விழாவுக்குப் போயிருந்தேன். மலைவாழ் மக்கள் நடனம் என்று மைக்கில் அறிவித்தார்கள். உடம்பெல்லாம் கரி பூசி, இடுப்பில் இலை கட்டிய ஒன்பது பிள்ளைகள் மேடையேறி ஊளையிட்டன. நான் ஜவ்வாது மலைக்காரன். எங்கள் ஜனத்தில் யாரும் இலை கட்டி ஊளையிட்டு, எழுபது வயதாகியும் நான் பார்த்ததில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். அன்றைய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஏழாம் வகுப்பை நான் அடிவாரத்துப் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தேன். ஆங்கிலப் பாடப் புத்தகத்தில், தீவு ஒன்றில் கரையேறிய கப்பல் கேப்டனின் கதை இருந்தது. கேப்டனுக்கு நாற்பத்திரண்டு வரி வசனம். தீவுக்காரர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. கத்துவார்கள், சுடப்படுவார்கள், அவ்வளவுதான். அவர்களைக் குறிக்கும் சொல்லுக்கு ஒருவன் அர்த்தம் கேட்டான். "காட்டுமிராண்டி" என்றார் ஆங்கில வாத்தியார். அப்படியென்றால் என்ன சார் என்றான். வாத்தியார் எங்கள் பெஞ்சைக் காட்டினார். வகுப்பில் மலைப் பிள்ளைகள் ஆறு பேர், ஆறு பேருக்கும் அந்த ஒரே பெஞ்சுதான்.

ஆண்டு விழாவுக்கு அந்தப் பாடத்தையே நாடகமாகப் போட முடிவானது. நான் நாற்பத்திரண்டு வரியையும் மனப்பாடம் செய்து, வகுப்பில் எழுந்து பிசகாமல் ஒப்பித்தேன்.

"நல்லாத்தான் சொல்ற," என்றார் வாத்தியார். "ஆனா கேப்டன் வேஷம் மண்டிக்காரர் புள்ளைக்கு. நீ அந்தக் கும்பல்ல நில்லு."

"சார், ஒரு வரியாவது குடுங்க சார்."

"காட்டானுக்கு வசனம் எதுக்குடா? வாயத் தொறந்து கத்து, போதும்."

எங்கள் மலைக் கடுக்காயை விலைக்கு வாங்கும் மண்டிக்காரரின் மகன் திரும்பிப் பார்த்து, "கடுக்கா பொறுக்கறவனுக்கு இங்கிலீசு கேக்குதா?" என்றான். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் வாத்தியார், "உங்க மலைல மேளம் அடிக்கறவன் எவனாச்சும் இருந்தா இட்டுகினு வாடா, நாடகம் களகட்டும்," என்றார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஊரில் மேளம் அடிப்பவர். விழாவன்று மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி வந்தார். மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தி, தோல் விறைக்க மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"இன்னாடா மூஞ்சில?"

"கரி மாமா. வேஷம்."

"நீ இன்னா பேசுவ?"

"நாங்க பேசக் கூடாது மாமா. கத்தணும். வெடி போட்டதும் வுழணும்."

"எத்தினி பேரு வுழணும்?"

"ஆறு பேரும்."

மாமா மேளத்தை மறுபடி தீயில் காட்டினார்.

நாடகம் ஆரம்பித்தது. நாங்கள் ஊளையிட்டுக் குதித்தோம், மாமா துள்ளலாக அடித்தார், கூட்டம் விசிலடித்தது. கேப்டன் துப்பாக்கியை நீட்டினான், பின்னால் வெடி வெடித்தது, ஆறு பேரும் விழுந்தோம், கூட்டம் சிரித்தது. கேப்டன் என் மார்பில் கால் வைத்துக் கடைசி வசனத்துக்கு வாயைத் திறந்தான். அப்போது மேளம் மாறியது.

ஓர் அடி. நீண்ட இடைவெளி. மறுபடி ஓர் அடி. எங்கள் மலையில் செத்தவர்களுக்கு மட்டும் அடிப்பது அது. அடித்து முடியும்வரை யாரும் பேசக் கூடாது. கூட்டம் அதற்கும் கைதட்டப் பார்த்தது. அந்த அடிக்குக் கைதட்ட வராது. மெல்லமெல்லக் கொட்டகையே அடங்கிவிட்டது. கேப்டனுக்கு வசனம் மறந்துபோனது. வாத்தியார் ஓரத்திலிருந்து நிறுத்தச் சொல்லிக் கையாட்டினார். மாமா அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆளுக்கு ஒரு சுற்று என்று ஆறு சுற்றையும் முடித்துவிட்டுத்தான் குச்சியைக் கீழே வைத்தார்.

"அறிவுகெட்ட ஜனம்! எங்க எத அடிக்கறதுன்னு தெரில!" என்று வாத்தியார் எல்லார் முன்னாலும் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மானத்த வாங்கிட்டியே மாமா! அது நாடகம். யாரும் நெசமா சாவல!"

"வுழுந்தீங்களே," என்றார் மாமா. "பாத்தவங்க ஒருத்தன்கூட எழுந்து நிக்கல, எல்லாரும் சிரிச்சாங்களே."

நாடகம் என்றால் என்னவென்றே மாமாவுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். விடுதியில் மற்ற ஐந்து பேரிடமும் அப்படியே சொல்லவும் செய்தேன்.

அதற்கு முன், பள்ளிக் குழாயடியில் உட்காரவைத்து, துண்டை நனைத்து மாமா என் முகத்துக் கரியைத் துடைத்தார். நெற்றி, கன்னம், காது மடல் எல்லாம் எரிந்தது. "வலிக்குது மாமா," என்றேன். கரி போன பிறகும் அவர் கை நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தார். என்மேல் இவ்வளவு கோபப்பட நான் என்ன செய்துவிட்டேன் என்று அழுதேன்.